குழந்தையைப் பார்க்கிறீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். லண்டன் மருத்துவமனைகளில் தமிழ்த் தாய்மார்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. டாக்டர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பெரும்பாலான நாட்கள் சர்க்கரை அளவு, தையல், தடுப்பூசி என்று போய்விடும். அப்படிப் போகாத நாட்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்கேன் அறை. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தேழாவது வாரம். "இதயத் துடிப்பு தெரியவில்லை" என்றார் டாக்டர். அப்படியே சொன்னேன். அவள் தலையைத் தூக்கி, "பெரிய மெஷின்ல பார்த்தா தெரியுமாக்கா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. தெரியவில்லை என்றால் இன்னும் தேடலாம் என்றுதானே அர்த்தம்! டாக்டருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்கள் குழந்தை இறந்துவிட்டது" என்று நேராகச் சொன்னார். அதுவும் என் வாயால்தான் தமிழில் வந்தது.

சுற்றி வளைக்காமல் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்லித் தருவதே ஒரு தொண்டு நிறுவனம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சாண்ட்ஸ் என்று பெயர். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர் 1978இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தும் நம் ஊர் மாதிரிதான். இறந்து பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி, தாய் கண்ணில் படாமல் எடுத்துப் போய்விடுவார்கள். பல நேரம் மருத்துவமனையே ஏதாவது பொதுக்குழியில் அடக்கம் செய்துவிடும். எந்த இடம் என்று பெற்றவளுக்குச் சொல்வதில்லை. மறந்துவிட்டு அடுத்ததைப் பெற்றுக்கொள் என்பதுதான் வைத்தியம். அப்படி மறக்கச் சொல்லப்பட்டவர்கள், தலை நரைத்த பிறகும் அந்தக் குழியைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். தேடுவதற்கு இந்த நிறுவனம் உதவுகிறது.

சரி, அந்தப் பெண்ணிடம் வருகிறேன். ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். மாத்திரை கொடுத்து வலி வரவைத்து, பிரசவமாகத்தான் பெற வேண்டும் என்றதும், "உசுர் இல்லாததுக்கு நான் எதுக்குக்கா நோவு படணும்?" என்றாள். பதில் சொல்வது என் வேலை இல்லை. கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அடுத்த பிரசவத்துக்கு வயிற்றைக் கிழிக்காமல் இருப்பதே நல்லது என்று டாக்டர் விளக்கினார். கேட்டுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாளா என்று தெரியாது.

அவளுக்குக் கொடுத்த அறை வார்டின் கோடியில், தனிக் கதவோடு இருந்தது. பக்கத்துக் கட்டில் குழந்தை அழும் சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காக. இப்படிப்பட்ட அறைகள் பல ஊர்களில் பெற்றோரும் தொண்டு அமைப்புகளும் திரட்டிய பணத்தில் வந்தவை. உள்ளே ஒரு தொட்டில். அதில் விரித்த மெத்தைக்குள் குளிர்ந்த நீர் ஓடுகிறது. ஒரு குழாய், ஒரு சின்னப் பெட்டி, மெல்லிய உர்ர் சத்தம். குழந்தையை உடனே பிணவறைக்கு அனுப்பாமல் நாள் கணக்கில் அம்மா பக்கத்திலேயே வைத்திருக்கலாம். மேசையில் ஒரு நினைவுப் பெட்டி: கை, கால் அச்சு எடுக்க மை, முடிக்கற்றைக்கு ஒரு உறை, இரண்டு கரடி பொம்மைகள். ஒன்று குழந்தையோடு போகும், மற்றது வீட்டுக்கு.

உடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. யாரோ தானமாகத் தந்த கல்யாண கவுன்களைப் பிரித்து, தன்னார்வலர்கள் இந்தக் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிறார்கள். முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு, ரிப்பன் முடிச்சு. தோல் அவ்வளவு மென்மையாக இருக்கும், தலை வழியே மாட்டக் கூடாது. ரொம்பச் சின்னதுகளுக்கு உறை மாதிரி ஒன்று.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே 24 வாரத்துக்குப் பின் இறந்து பிறந்தால் 42 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், பெயரோடு பதியலாம். 24 வாரத்துக்கு முன் கலைந்த கருவுக்கு முன்பெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்காது. 2024 பிப்ரவரியில்தான் இங்கிலாந்தில் விரும்புகிறவர்களுக்குச் சான்றிதழ் தர ஆரம்பித்தார்கள். பதினோராம் நாளோ முப்பதாம் நாளோ பெயர் வைக்கிற நம் குடும்பங்களிடம், மூன்றாம் நாள் "பெயர் என்ன?" என்று கேட்டால் விழிப்பார்கள். மொழிபெயர்க்கும் எனக்கே நாக்கு தடுமாறும்.

அந்த மூன்றாம் நாள் இன்னொன்றும் வரும்: பால். யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்த மாத்திரை இருக்கிறது. மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். அதை வேலூர் மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் கட்டுரையே வெளியிட்டார்கள், பூவும் வேலை செய்கிறது என்று. லண்டனில் பூவுக்கு எங்கே போவது! சில தாய்மார்கள் அந்தப் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்பவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை.

இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் கர்ப்பிணிகளுக்கு ஒன்று. கடைசி மாதத்தில் குழந்தை அசைவது குறையும் என்று சொல்வதை நம்பாதீர்கள். அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம், புருஷனையோ பிள்ளையையோ பேச வைக்க வேண்டாம். கறுப்பின, ஆசியத் தாய்மார்களிடையே இறந்து பிறப்பது அதிகம் என்று இந்த நாட்டு அறிக்கைகள் வருடம் தவறாமல் சொல்கின்றன.

அந்தப் பெண்ணின் மாமியார் ஊரிலிருந்து பிரசவம் பார்க்க வந்தவர். "குழந்தையைப் பார்க்கிறீர்களா?" என்று மருத்துவச்சி கேட்டபோது, "காட்டாதீங்க, பார்த்தா மறக்க மாட்டா" என்று குறுக்கே கை நீட்டினார். அதையும் மொழிபெயர்த்தேன். மருத்துவச்சி வாதம் செய்யவில்லை. "அவசரமில்லை, மறுபடி கேட்கிறேன்" என்று மட்டும் சொன்னார். இரவு மறுபடி கேட்டபோது அந்தப் பெண் பார்க்கிறேன் என்றாள்.

மறுநாள் காலை நான் போனபோது, மாமியார் குளிர்த் தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரோ பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பி குழந்தையின் கண்வரை இறங்கியிருந்தது. அதை ஒற்றை விரலால் மேலே தள்ளிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது பெரிசா இருக்கு. சின்னது ஒண்ணு இருக்கான்னு அவங்ககிட்ட கேளேன்."

கேட்டேன். இருந்தது.