ஏபிக் எரர் வந்தால் முதலில் எண்ணைப் படியுங்கள்

வணக்கம் நண்பர்களே. மேசையில் இருப்பது இரண்டு பென்டியம் த்ரீ பொருத்திய பழைய மதர்போர்டு, லினக்ஸ் 2.4 ஓடுகிறது. திரையைப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள்: "ஏபிக் எரர் ஆன் சிபியு1: 02(02)". ஏபிக் என்பது, கார்டு, டிஸ்க் போன்றவை பிராசஸரைக் கூப்பிட அனுப்பும் சைகைகளை, அதாவது இன்டரப்ட்டுகளை, கையாளும் பகுதி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இதே வரிதான். போன வாரம் கண்டுகொள்ளாமல் விட்டேன். ராத்திரி பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பும்போது நெட்வொர்க் கார்டு அப்படியே நின்றுவிட்டது. ரீபூட் செய்த பிறகுதான் உயிர் வந்தது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், லினக்ஸ் தொடங்கும்போது கொடுக்கும் பூட் வரியில் 'நோஏபிக்' சேர்ப்பது. அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். செய்தால், கார்டு, டிஸ்க் எல்லாவற்றின் இன்டரப்ட்டும் 8259 என்ற பழைய இன்டரப்ட் சிப் வழியாக முதல் பிராசஸர் தலையிலேயே விழும். பிராசஸர்கள் தங்களுக்குள் அனுப்பும் செய்தியோ அதே பழுதான கம்பியில்தான் போகும்.

எந்தக் கம்பி? பென்டியம் த்ரீ காலம் வரை ஏபிக்குகள் பேசிக்கொள்ளத் தனியாக மூன்று கம்பிகள் உண்டு: ஒன்று கிளாக், இரண்டு டேட்டா. பென்டியம் 4-இல்தான் இந்தப் பேச்சு சிஸ்டம் பஸ்ஸுக்கு மாறியது. இப்போது திரையில் வந்த எண். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஏபிக்கின் பிழைப் பதிவிலிருந்து புதிதாகப் படித்த மதிப்பு. 01 என்றால் அனுப்பியதில் செக்சம் (செய்தி சரியா என்று பார்க்கும் சோதனை எண்) பிழை, 02 என்றால் வாங்கியதில். 04, 08 என்றால் செய்தியை யாரும் ஏற்கவில்லை. பிழை பிடிபட்டால் செய்தி மறுபடி அனுப்பப்படும், அதனால்தான் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தச் செக்சம் மிகச் சிறியது, சில பிழைகள் அதன் கண்ணில் படாமல் தப்பும். 'வேலை முடிந்தது' என்ற செய்தி அப்படித் தொலைந்தால், சாதனங்களின் இன்டரப்ட்டை வாங்கி அனுப்பும் ஐஓ-ஏபிக் அந்த இன்டரப்ட்டை மறுபடி அனுப்பாமல் காத்துக்கொண்டே இருக்கும். என் கார்டு நின்றது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆக 02 என்றால் மென்பொருளை நோண்டாதீர்கள், மின்சாரத்தைப் பாருங்கள். ஓவர்கிளாக் செய்திருந்தால் பழைய வேகத்துக்குக் கொண்டு வாருங்கள். நான் செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் தரும் பெட்டியை, மாற்றிப் பார்த்தேன், பிழை குறைந்தது, நிற்கவில்லை. அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதோ, பிராசஸர் சாக்கெட் பக்கத்தில் மூன்று கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும், இவை உப்பியிருக்கின்றன. நடுவில் உள்ளதன் வெட்டுக்கோட்டில் பழுப்பாகக் கசிவு காய்ந்திருக்கிறது. விரலால் தடவினால் மேடு தெரிகிறது.

அதே மைக்ரோஃபாரட், குறையாத வோல்ட், 105 டிகிரி வகை வாங்கி மாற்றினேன். நெகட்டிவ் கோடு எந்தப் பக்கம் என்பதைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? /ப்ராக்/இன்டரப்ட்ஸ் ஃபைலின் கடைசியில் ஈஆர்ஆர் என்ற வரி, அந்தக் கம்பியில் வந்த பிழைகளின் கணக்கு. நெட்வொர்க்கையும் டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு அதைக் கவனியுங்கள். நேற்று மாலையிலிருந்து இங்கே 0.

உங்களுக்கு 40 வந்தால் கதை வேறு. 16-க்குக் கீழான செல்லாத வெக்டர் எண் (எந்த இன்டரப்ட் என்று சொல்லும் எண்) வந்திருக்கிறது என்று பொருள். அங்கே பயாஸ் அப்டேட், டிரைவர் இரண்டையும் முதலில் பாருங்கள். உங்கள் திரையில் வரும் எண்ணை அடைப்புக்குறியோடு அப்படியே கமென்ட்டில் போடுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன்.