விற்றவரையே திரும்ப அழைத்து வந்த ஃபீனிக்ஸ்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் வலுவாகப் பேசி அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், கூடைப்பந்தை நேசித்து வந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

பெஞ்சில் இருக்கும் இளம் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் மாற்று ஆட்டக்காரரை, வேறு அணிக்கு டிரேட் செய்வது அணிக்கு லாபமா, நஷ்டமா? நஷ்டம் என்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆட்டக்காரரைக் காசுக்குத் தூக்கிக் கொடுப்பது அரிது, ஆளுக்கு ஆள் அல்லது டிராஃப்ட் தேர்வுக்கு ஆள் என்று மாற்றிக்கொள்வார்கள். டிராஃப்ட் என்பது புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு. வசதிக்காக நான் அதை விற்பது என்றே சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். முதல் ஐவரில் ஏற்கெனவே ஒரு நட்சத்திர கார்டு இருக்கும்போது, ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆடும் பையனை வைத்துக்கொண்டு என்ன பயன் என்றார். விற்காமல் வைத்திருந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் சும்மாவே போய்விடுவான், டாலஸ் அணி ஜேலன் பிரன்சனை அப்படித்தான் இழந்தது என்றார். சான் அன்டோனியோ ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்துத்தான் கவாய் லெனார்டை வாங்கியது என்று முத்தாய்ப்பு வைத்தார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களை அரிசோனாவுக்கு, ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியிடம் அழைத்துப் போக வேண்டும்.

1996 டிராஃப்டில் 15ஆவது இடத்தில் ஸ்டீவ் நாஷை எடுத்தது ஃபீனிக்ஸ். அங்கே அதே கார்டு இடத்தில் அவருக்கு முன்னால் கெவின் ஜான்சன் இருந்தார், சாம் கசெல் இருந்தார். அந்த டிசம்பரிலேயே ஜேசன் கிட்டும் வந்து சேர்ந்தார். முதல் பருவத்தில் நாஷுக்குக் கிடைத்தது ஆட்டத்துக்குப் பத்தரை நிமிடம். அடுத்த பருவத்தில் 22 நிமிடம். 1998 ஜூனில் டாலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 24. ஆறு ஆண்டு கழித்து, 2004இல், அதே ஃபீனிக்ஸ் அதே நாஷைப் பெரிய ஒப்பந்தம் போட்டுத் திரும்ப அழைத்து வந்தது. 2005இலும் 2006இலும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். அந்த 1998 பேரத்தில் கிடைத்த தேர்வில்தான் ஃபீனிக்ஸ் அடுத்த ஆண்டு ஷான் மரியனை எடுத்தது. லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு நான்கு முறை தேர்வானவர் அவர். பெஞ்ச் கார்டை விற்று இவ்வளவு பெரிய விலை கிடைப்பது அபூர்வம். அப்படிக் கிடைத்தும் அந்த அணி நாஷைத் தேடி மறுபடி போக வேண்டியிருந்தது, அதையும் கணக்கில் வையுங்கள்.

பாடம் கற்றார்களா? 2008இல் ஸ்லோவேனியாவிலிருந்து கோரன் டிராகிச் வந்தார், அதே நாஷுக்கு மாற்றாக. 2010 மே 7ஆம் தேதி, சான் அன்டோனியோவில், பட்டத்துக்கான பிளேஆஃப் இரண்டாம் சுற்றின் மூன்றாவது ஆட்டம். டிராகிச் எடுத்த 26 புள்ளிகளில் 23 நான்காவது குவார்ட்டரில் மட்டும் வந்தவை. பன்னிரண்டே நிமிடங்கள் கொண்ட ஒரு குவார்ட்டர், எதிரே டிம் டங்கனின் அணி, அதுவும் அவர்கள் சொந்த மண்ணில். ஃபீனிக்ஸ் 110க்கு 96 என்று வென்றது, தொடரையும் நான்குக்குப் பூஜ்யம் என்று முடித்தது. முந்தைய நாள்தான் டிராகிச்சுக்கு 24 வயது நிறைந்திருந்தது.

ஒன்பதரை மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 24 அன்று, அவரை ஹூஸ்டனுக்கு விற்றார்கள். விற்றார்கள் என்பது கூடச் சரியில்லை. டிராகிச்சோடு ஒரு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து, ஆரன் புரூக்ஸ் என்ற இன்னொரு கார்டை வாங்கினார்கள். புரூக்ஸ் ஃபீனிக்ஸுக்கு ஆடியது 25 ஆட்டங்கள். அந்தக் கோடையில் அணி உரிமையாளர்களின் கதவடைப்பு வந்து லீக் நின்றது. புரூக்ஸ் சீனாவில் குவாங்டாங் அணிக்குப் போனார், திரும்ப ஃபீனிக்ஸ் சட்டையைப் போடவே இல்லை.

அந்த ஒன்பதரை மாதத்தில் டிராகிச்சுக்கு என்ன ஆனது? ஆட்டம் மறந்துபோனதா? நடுவர் அவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் அணியின் வாதமே இங்கேதான் இருக்கிறது.

பெஞ்ச் கார்டின் எண்கள் அவருடைய திறமையை மட்டும் காட்டுவதில்லை, அவரோடு களத்தில் நிற்கும் நால்வரையும் சேர்த்தே காட்டுகின்றன. 2010 பிளேஆஃபில் டிராகிச்சுடன் பெஞ்சிலிருந்து இறங்கியவர்களில் லியாண்ட்ரோ பர்போசா, லூயிஸ் அமண்ட்சன் இருவரும் அந்தக் கோடையிலேயே போய்விட்டார்கள். முதல் ஐவரிலிருந்து அமாரே ஸ்டவுடமயர் நியூயார்க் போனார். டிசம்பரில் ஆர்லாண்டோவோடு இன்னொரு பெரிய டிரேட். கூடவே ஆடிப் பழகிய கூட்டம் கலைந்தது, பையனின் சராசரி சரிந்தது, பழி மட்டும் பையன் மேல் விழுந்தது.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பேக்கப் கார்டு பொதுவாக முதல் குவார்ட்டரின் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் இறங்குவார், இரண்டாவது குவார்ட்டரின் நடுவில் வெளியே போவார். மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே கதை. ஒரு பெஞ்ச் சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர், வந்து ஸ்கிரீன் போடுகிறார், கார்டைக் காக்கிறவரின் வழியை உடம்பால் மறித்து நிற்கிறார். அந்த சென்டர் உள்ளே உருண்டு போனாலும் பயமில்லை, வெளியே நின்று எறிந்தாலும் பயமில்லை என்று எதிரணிக்குத் தெரியும். அதனால் கார்டைக் காக்கிறவர் ஸ்கிரீனுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய் நின்றுகொள்கிறார். எதிரணி சென்டர் கூடைக்கு அருகிலேயே நகராமல் இருக்கிறார். மூலையில் நிற்பவருக்கு மூன்று புள்ளி எறிதல் வராது, ஆகவே அவரைக் காக்கிறவரும் ஓரடி உள்ளே வந்துவிடுகிறார். இப்போது பாதை அடைபட்டாயிற்று. பந்தை அரைக்கோடு தாண்டிக் கொண்டுவர ஆறேழு விநாடி, முதல் ஸ்கிரீன் வீணாக ஐந்தாறு விநாடி, இன்னொரு முறை முயல இன்னும் ஐந்தாறு. பந்தை எறிந்தாக வேண்டிய 24 விநாடிக் கடிகாரத்தில் மிச்சம் நான்கோ ஐந்தோ இருக்கும்போது கையில் பந்து, முன்னால் ஆள். எறிகிறார், தவறுகிறது. ஏட்டில் "முடிவெடுக்கத் தெரியவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

எறிதல் விகிதத்தையும் இப்படித்தான் தப்பாகப் படிக்கிறார்கள். ஆட்டத்துக்கு இரண்டரை மூன்று முறை தூரத்திலிருந்து எறிபவர் ஒரு பருவத்தில் சுமார் 200 முறை எறிவார். 39 சதவீதம் என்றால் 78 விழுந்திருக்கும், 35 சதவீதம் என்றால் 70. வித்தியாசம் எட்டே எட்டுப் பந்து, ஆறு மாதத்தில். வளையத்தைச் சுற்றி வெளியே உருண்ட எட்டுப் பந்தை வைத்து ஒரு பையனின் எதிர்காலத்தை எடை போடுகிறோம் என்றால், அது நியாயமா என்பதோடு, அது கெட்டிக்காரத்தனமா என்றும் கேட்க வேண்டும்.

அந்த எண்களைத்தான் வாங்க வருகிறவர் மேசையில் போட்டு விலையைக் குறைக்கிறார். நிமிடத்தைக் குறைத்தது நீங்கள், துணையாட்களைக் கலைத்தது நீங்கள், அதனால் விழுந்த விலைக்கு விற்பதும் நீங்கள். குடத்துக்குள் விளக்கை வைத்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று பாதி விலைக்குக் கொடுப்பதா?

ஹூஸ்டன் குடத்திலிருந்து விளக்கை வெளியே எடுத்து வைத்தது. அதுவும் திட்டமிட்டு அல்ல. 2012 மார்ச்சில் கைல் லவ்ரி நோயில் படுத்ததால் டிராகிச்சை முதல் ஐவரில் இறக்கினார்கள். அந்தப் பருவத்தில் அவர் தொடங்கிய 28 ஆட்டங்களில் சராசரி 18 புள்ளி, எட்டுக்கு மேல் அசிஸ்ட், அதாவது கூடை விழ வழிசெய்த பாஸ். அந்த ஜூலையில் நாஷ் லேக்கர்ஸுக்குப் போனார். காலியான இடத்துக்கு ஃபீனிக்ஸ் யாரை அழைத்து வந்தது தெரியுமா? அதே டிராகிச்சை, 4 ஆண்டுக்கு 3 கோடி டாலர் ஒப்பந்தத்தில். 2014இல் லீக்கில் மிக அதிகம் முன்னேறியவர் விருதும், ஆண்டின் மூன்றாவது சிறந்த ஐவரில் இடமும் அவருக்குக் கிடைத்தன. டிராகிச்சை விற்ற நாளில் நாஷுக்கு வயது 37 என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த கார்டு யார் என்ற கேள்வி வாசலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், பதிலைப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

2015 பிப்ரவரியில் அதே அணி ஐசையா தாமஸ் என்ற கார்டை பாஸ்டனுக்குக் கொடுத்தது. பெஞ்சிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அவர், 2016–17இல் பாஸ்டனுக்காக ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்தார். ஃபீனிக்ஸ் 2011 முதல் 2020 வரை பத்துப் பருவம் பிளேஆஃப் வாசலை மிதிக்கவில்லை. இந்த விற்பனைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வேறு தவறுகளும் ஏராளம். ஆனால் வளர்ந்துகொண்டிருந்த கார்டுகளைக் கொடுத்து அந்த அணி எந்த உயரத்தையும் எட்டவில்லை.

இப்போது பிரன்சனுக்கு வருகிறேன். நண்பர் சொன்னது உண்மை, டாலஸ் அவரைச் சும்மாவே இழந்தது. விற்காததால் இழந்தது என்பதுதான் பிழை. முதல் சுற்றில் எடுக்கப்பட்ட பையனுக்கு விதிகள் அணியின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. இரண்டு ஆண்டு உறுதி, மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம், அதன் பிறகும் தகுதிச் சலுகை கொடுத்துவிட்டால் வேறு எந்த அணி ஒப்பந்தம் நீட்டினாலும் அதே தொகையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். பிரன்சன் இரண்டாவது சுற்று, 33ஆவது தேர்வு. நான்கு ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அவர் கட்டுப்பாடற்ற ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணிக்குப் போகலாம். ஆகவே டாலஸ் முன்கூட்டியே ஒப்பந்தத்தை நீட்டியிருக்க வேண்டும். 4 ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடி டாலர் வரை கொடுக்க விதியில் இடம் இருந்தது. உரிய நேரத்தில் அது நடக்கவில்லை. 2022 ஏப்ரலில் டாலஸின் நட்சத்திரம் லூகா டான்சிச் காயத்தில் இருந்தபோது, யூட்டாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் பிரன்சன் 41 புள்ளி எடுத்தார். ஜூலையில் நியூயார்க் 4 ஆண்டுக்கு 10.4 கோடி கொடுத்து அழைத்துப் போனது. இரட்டை மடங்குக்குச் சற்றே குறைவு. அது கையெழுத்து வாங்கத் தவறிய கதை. 2021இலேயே அவரை விற்றிருந்தால் டாலஸ் அந்த யூட்டா தொடரைத் தாண்டி மேற்குப் பிரிவு இறுதிக்குப் போயிருக்குமா?

ஜார்ஜ் ஹில்? அது நல்ல பேரம், மறுக்க மாட்டேன். 2011 டிராஃப்ட் இரவில் அவரைக் கொடுத்து, 15ஆவது தேர்வான லெனார்டை வாங்கினார்கள். 2014 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் லெனார்ட்தான். ஆனால் 2009–10 பருவத்தில் ஹில் எத்தனை ஆட்டம் தொடங்கினார் தெரியுமா? 43. டோனி பார்க்கர் காயத்தில் இருந்தபோது முதல் ஐவரின் சுமையைத் தூக்கினார். சான் அன்டோனியோவுக்கு அவர் எல்லை எது, உயரம் எது என்று தெரியும், இண்டியானாவுக்கும் தெரியும். முழு வெளிச்சத்தில், முழு விலைக்கு நடந்த பேரம் அது. எதிரணி பரிந்துரைக்கும் விற்பனை அப்படிப்பட்டது அல்ல, 15 நிமிடப் பையனை 15 நிமிட விலைக்குக் கொடுப்பது.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், 2023 ஒப்பந்த விதிகளுக்குப் பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. 2024–25இல் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு சுமார் 14 கோடியே 6 லட்சம் டாலர். முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் பேக்கப் கார்டு பெரும்பாலும் முப்பது நாற்பது லட்சம்தான் வாங்குவார். அதே வேலையைச் செய்ய வெளியிலிருந்து ஒரு நல்ல கார்டை அழைத்து வரப் பல அணிகள் கையில் வைத்திருந்த மிட்லெவல் தொகை, அதாவது வரம்பைத் தாண்டியும் தர விதி அனுமதிக்கும் தொகை, அந்தப் பருவத்தில் 1 கோடியே 28 லட்சம். அதிகம் செலவழிக்கும் அணிக்கு அதுவும் கிடையாது. இன்னொரு முடிச்சு: வரம்பு மீறிய அணி அனுப்பும் சம்பளத்துக்கு ஏற்றபடிதான் திரும்ப வாங்க முடியும், சம்பள வரம்புக்கு மேலே இருக்கும் இரண்டாவது ஏப்ரன் என்ற உயர் கோட்டைத் தாண்டிவிட்டால் இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய ஆளை வாங்கவும் முடியாது. அப்படிப்பட்ட அணிக்கு முப்பது லட்சத்துக்கு முப்பது லட்சம்தான் வரும். நண்பர் கனவு காணும் நட்சத்திரம் அந்தத் தராசில் ஏறவே மாட்டார். கடைசியில் பையன் வேறு யாருக்கோ விலை படிய வைக்கும் கொசுறாகப் போவான், ஹூஸ்டன் பேரத்தில் அந்த முதல் சுற்றுத் தேர்வு போனதைப் போல.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? டிரேட் கெடுவுக்கு முன், பிப்ரவரி வரும் முன், பையனை முதல் ஐவரின் சென்டரோடு பத்து ஆட்டம் இறக்குங்கள். ஆட்டத்துக்கு 32 நிமிடம் என்றால் 320 நிமிடம், பெஞ்சில் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டத்தில் கிடைப்பது. நட்சத்திர கார்டுக்கு 82 ஆட்டப் பருவத்தில் ஓய்வு எப்படியும் தேவை, அந்த நாட்களைச் சிதறவிடாமல் இதற்கு ஒதுக்கலாம். புள்ளிகளை எண்ண வேண்டாம். ஸ்கிரீனுக்கு மேலே வந்து ஒட்டும் காவலரை முதுகில் சுமந்தபடி உள்ளே போகிறானா, உருண்டு வரும் சென்டரின் கைக்கு இடுப்பு உயரத்தில் பந்து போகிறதா, இருவர் மறிக்கும்போது பந்தை இழக்கிறானா, கடைசி ஐந்து நிமிடத்தில் பந்தைக் கேட்டு வாங்குகிறானா, இவற்றைப் பாருங்கள். நான்கும் இல்லை என்றால் விற்பதை நான் எதிர்க்க மாட்டேன்.

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்ததும் அவரிடம் இதை மட்டும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்: நீங்கள் விற்கச் சொல்லும் அந்தப் பையன், இதுவரை எத்தனை ஆட்டம் தொடங்கியிருக்கிறான்?

நன்றி, வணக்கம்.