பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க, மெக்கானிக் எங்கீங்க?

(திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர்கள் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வாரத்துல ஞாயித்துக்கெழமை ஒண்ணுதான் லீவு. அதையும் விட்டுட்டு வந்திருக்கீங்க, சுருக்கமாப் பேசி அனுப்பிடறேன்.

வேலை செய்யறவங்களுக்குச் சந்தோஷம் வர்றதுக்கு நாம என்ன செய்யணும்னு தலைப்பு. தையல் லைன் இன்சார்ஜ் ஆன புதுசுல கேட்டிருந்தா, ஸ்பீக்கர் கட்டுங்க, பிரியாணி போடுங்கன்னு சொல்லியிருப்பேன். நானே செஞ்சேனுங்க. பழைய பாட்டா விட்டேன். ஆயுத பூசைக்கு மியூசிக்கல் சேர் வெச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க, போட்டோ எடுத்தோம். அடுத்த நாள் பீஸ் கணக்கு பழையபடியேதான்.

ஓவர்லாக் மிஷின்ல துணி ஓரம் அடிக்கற ஒரு அக்காகிட்ட, "ஏனுங்க்கா, பாட்டு பிடிக்கலீங்களா?"ன்னு கேட்டேன். மிஷினை நிறுத்தாமயே சொன்னாங்க: "பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. தையல் விட்டு விட்டு விழுந்தா மெக்கானிக்கைத் தேடி நானே எந்திரிச்சுப் போறேன். துணி வெட்டற கட்டிங்ல இருந்து துணிக்கட்டு வராம அரை மணி நேரம் கையக் கட்டிட்டு ஒக்காந்திருக்கேன். தெச்ச பீஸுக்கு மட்டும் கூலி வாங்கற பீஸ் ரேட்டுக்காரிக்கு அதைவிட எரிச்சல் என்னங்க இருக்குது?"

எங்க அப்பாரு கவலை ஓட்டினவரு, அதாவது மாடு கட்டிக் கெணத்துல தண்ணி எறைச்சவரு. மாடு பள்ளத்துல இறங்கறப்ப ஒரு இழுப்பு, திரும்பி ஏறறப்ப ஒரு இழுப்புன்னு பாடுவாரு. மாடு நின்னா பாட்டும் நின்னுரும். நான் மாட்டை நிக்க விட்டுட்டுப் பாட்டை மட்டும் போட்டிருக்கேன்.

அமெரிக்காவுல ஹாத்தார்ன் (Hawthorne)னு ஒரு டெலிபோன் சாமான் ஃபேக்டரி இருந்துச்சு. 1927ல அஞ்சு பொண்ணுங்களைத் தனி ரூம்ல உக்கார வெச்சு ரிலேங்கற டெலிபோன் சுவிட்சைப் பூட்ட விட்டாங்க. நடுவுல ஓய்வு கொடுத்தாங்க, அந்த அஞ்சு பேரு செஞ்ச வேலையை மட்டும் வெச்சு அவங்க கூலியைக் கணக்குப் போட்டாங்க. உற்பத்தி ஏறுச்சு. அன்பாக் கவனிச்சாப் போதும்னு இன்னிக்கும் மேடைக்கு மேடை இந்தக் கதை ஓடுது. பேச்சு ஜாஸ்தி, ஒத்துழைக்கலைன்னு அதுல ரெண்டு பேரை 1928ல மாத்தினதை மட்டும் யாரும் சொல்றதில்லீங்க!

நான் பெருசா ஒண்ணும் பண்ணலை. மெக்கானிக்கோட ஸ்டூலைத் தூக்கி லைனுக்குள்ள போட்டேன். கடைசியில ஒரு மிஷினைச் சும்மா வெச்சேன். யாருது நின்னாலும் அதுல போய் ஒக்காந்துக்கலாம். மத்தியான டீ மணிக்கு முன்னாடியே அடுத்த கட்டு டேபிள்ல இருக்கணும்னு கட்டிங்காரங்களோட சண்டை போட்டேன். அந்தச் சண்டை இன்னும் முடியலை, அது வேற.

அப்புறம், முடிஞ்ச பீஸ் ஒண்ணை ஹேங்கர்ல மாட்டி லைன் முன்னாடி தொங்க விட்டேன். நாலு வருஷமா பீஸுக்குக் கை வெச்சு அடிக்கறதை மட்டும் செஞ்ச ஒரு பொண்ணு வந்து, தான் அடிச்ச தோள்பட்டைத் தையலைத் திருப்பித் திருப்பித் தடவிப் பாத்துச்சு. "இது கொழந்தை சட்டைங்களாண்ணா?"ன்னு கேட்டுச்சு. நாந்தான் அதுவரைக்கும் சொன்னதே இல்லையே.

சனிக்கெழம சம்பளக் கவர் பிரிக்கறப்ப வித்தியாசம் அவங்க முகத்துலயே தெரிஞ்சுது.

ஸ்பீக்கர் ஒரு மழையில ரிப்பேர் ஆச்சு. யாரும் கேக்கலை. ஒரு நாள் சாயங்காலம் அந்த ஓவர்லாக் அக்கா மிஷின் சத்தத்துக்குள்ள ஏதோ முணுமுணுத்துப் பாடிட்டிருந்தாங்க. கிட்டப் போனா நிறுத்திருவாங்கன்னு தள்ளியே நின்னுட்டேனுங்க.