ஒரே ஒரு உலகக் கோப்பை: 1970-களின் இந்திய ஹாக்கி அணி வென்றது குறைவா?

[திரையில்: மெர்டேக்கா அரங்கம், கோலாலம்பூர், 15 மார்ச் 1975]

வணக்கம். 1975-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானை 2-1 என்ற கணக்கில் வீழ்த்தி இந்திய ஆடவர் ஹாக்கி அணி உலகக் கோப்பையை வென்றது. 1971 முதல் 2023 வரை நடந்த 15 உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்தியாவின் கைக்கு வந்தது அந்த ஒன்றுதான். அதை வென்ற தலைமுறையின் பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை பேர் இருந்தும் ஒன்றுதானா?

அந்தப் பட்டியலை நீங்களே பாருங்கள். ஜலந்தர் அருகே உள்ள சன்சார்பூர் என்னும் சிற்றூரிலிருந்து வந்து, சென்டர் ஹாஃப் என்னும் நடுக்கள இடத்தில் நின்று ஆட்டத்தின் வேகத்தையே தீர்மானித்த அஜித்பால் சிங். தியான்சந்தின் மகனாகப் பிறந்த சுமையைத் தோளில் தாங்கியபடியே தனக்கென ஒரு பெயரை ஈட்டிய அசோக் குமார். குடகு மண்ணின் எம். பி. கணேஷ், பி. பி. கோவிந்தா, பின்வரிசையில் மலைபோல் நின்ற சுர்ஜித் சிங், மைக்கேல் கிண்டோ, இடப்பக்கத்தில் ஹர்சரண் சிங், வலப்பக்கத்தில் நம் தமிழ்நாட்டின் வி. ஜே. பிலிப்ஸ். இவர்களில் எவரையும் அன்றைய எந்த நாட்டு அணியும் இரு கை நீட்டி வரவேற்றிருக்கும்.

இந்தத் தலைமுறை 1971 முதல் 1976 வரை ஐந்து பெரும் போட்டிகளில் ஆடியது. அவற்றில் மூன்று உலகக் கோப்பைகள், இரண்டு ஒலிம்பிக் போட்டிகள். 1971-இல் பார்சிலோனாவில் மூன்றாம் இடம். 1972-இல் மியூனிக்கில் வெண்கலம். 1973-இல் ஆம்ஸ்டல்வீனில் இரண்டாம் இடம். 1975-இல் கோப்பை. 1976-இல் மான்ட்ரியலில் ஏழாம் இடம்.

1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக் தங்கங்களைத் தொடர்ச்சியாக வென்று, 1964-இல் டோக்கியோவில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்ட ஒரு நாட்டின் கண்ணுக்கு இந்தக் கணக்கு வறுமையாகவே தெரிந்தது. வெண்கலம் வாங்கிய அணியைத் தோற்ற அணியாகவே பார்த்துப் பழகியிருந்தோம். ஆனால் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்ற நாடுகளின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு காட்சி கிடைக்கிறது.

[திரையில்: ஐந்து போட்டிகள், ஐந்து வெற்றியாளர்கள்]

1971-இல் பாகிஸ்தான் வென்றது. 1972-இல் மேற்கு ஜெர்மனி. 1973-இல் நெதர்லாந்து. 1975-இல் இந்தியா. 1976-இல், யாருமே எதிர்பாராத வகையில், நியூசிலாந்து. ஐந்து போட்டிகளுக்கு ஐந்து வெற்றியாளர்கள். இரண்டாவது முறை வென்றவர் எவரும் இல்லை. 1973-இல் உலகக் கோப்பையை வென்ற நெதர்லாந்து, 1975-இல் ஒன்பதாம் இடத்துக்குச் சரிந்தது. முதல் நான்கு போட்டிகளிலும் அரையிறுதிக்குள் நுழைந்தவை இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரண்டு அணிகள் மட்டுமே. நட்சத்திரங்கள் நம்மிடம் மட்டும் இருக்கவில்லை. பாகிஸ்தானிடம் இஸ்லாஹுதீன், ஷஹ்னாஸ் ஷேக், சமியுல்லா ஆகியோர் இருந்தார்கள். நெதர்லாந்திடம் டீஸ் குரூய்சே இருந்தார். ஹாக்கியில் ஒரு நாடு மட்டும் அரசாண்ட காலம் முடிந்துபோயிருந்தது.

ஆகவே 'ஐந்தில் மூன்றையாவது வென்றிருக்க வேண்டும்' என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. பார்சிலோனாவின் அரையிறுதியில் பாகிஸ்தானிடம் 1-2 என்று தோற்றதில் அநியாயம் எதுவும் இல்லை. அன்று அவர்கள் நமக்குச் சமமான அணி, ஒரு கோல் மேலான அணி. மியூனிக்கில் அதே பாகிஸ்தானிடம் 0-2. அந்த ஒலிம்பிக்கின் நடுவே இஸ்ரேல் வீரர்கள் மீது நடந்த தாக்குதலால் போட்டிகளே நிறுத்திவைக்கப்பட்டிருந்தன; அதற்குப் பின் நடந்த அரையிறுதியில் இந்தியாவின் ஆட்ட ஓட்டம் குலைந்துவிட்டது என்று சொல்வதுண்டு. அந்த நிறுத்தம் எதிரணிக்கும் பொருந்தும் என்பதால் அதை ஒரு காரணமாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் 1973 அப்படியல்ல. அந்தக் கோப்பை நம் கையில் இருந்தது, கை நழுவியது.

[திரையில்: ஆம்ஸ்டல்வீன், 1973]

நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வீனில், கணேஷின் தலைமையில் ஆடிய இந்திய அணி, அரையிறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் கோவிந்தா. இரண்டு ஆண்டுகளில் இரண்டு அரையிறுதிகளில் பட்ட தோல்விக்குப் பதில் சொன்ன வெற்றி அது. இறுதிப்போட்டியில் எதிரே நின்றது போட்டியை நடத்திய நாடான நெதர்லாந்து. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே சுர்ஜித் சிங் இரண்டு பெனால்டி கார்னர்களைக் கோலாக்கினார். 2-0.

இந்த இடத்தில் சற்று நிதானித்து, அந்தக் காலத்துப் பெனால்டி கார்னர் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவோம். நம் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. கோல்கோட்டின் மீது, கோல் கம்பத்திலிருந்து 10 கஜம் தள்ளி ஒருவர் பந்தோடு நிற்பார். அவர் பந்தை, கோலுக்கு முன் வரையப்பட்டிருக்கும் வட்டத்தின் விளிம்புக்கு வேகமாகத் தள்ளுவார். அங்கே குனிந்து காத்திருக்கும் இரண்டாமவர் அதைக் கையால் நிறுத்துவார்; மேடுபள்ளமான புல்தரையில் துள்ளி வரும் பந்தை மட்டையால் அசையாமல் நிறுத்துவது கடினம் என்பதால் கையால் நிறுத்த விதி அன்று இடம் கொடுத்தது. கை விலகும் கணத்தில் மூன்றாமவரின் மட்டை இறங்க வேண்டும். அதற்குள் கோல்கோட்டுக்குப் பின்னாலிருந்து தடுப்பாட்டக்காரர்கள் பாய்ந்து வந்துவிடுவார்கள். தள்ளுதல், நிறுத்துதல், அடித்தல் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் வாய்ப்பு வீணாகும். எதிராளியை ஏமாற்றும் மணிக்கட்டு வித்தைக்கு இதில் இடமில்லை. ஒரே செயலை ஆயிரம் முறை செய்து பழகிய மூன்று பேர் வேண்டும், அவ்வளவுதான்.

இந்திய ஹாக்கியின் பெருமை முழுவதும் ஓடும் பந்தில் இருந்தது. பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு இருவரை, மூவரைக் கடந்து செல்வது, முக்கோணமாகப் பந்தைக் கைமாற்றிக்கொண்டே வட்டத்துக்குள் நுழைவது ஆகியவற்றில் அசோக் குமாருக்கும் கோவிந்தாவுக்கும் இணையானவர்கள் அன்று மிகச் சிலரே. ஆனால் 1970-களில் பெரிய ஆட்டங்களின் முடிவு நின்ற பந்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய அணிகள் வட்டத்துக்குள் தவறைத் தூண்டி, கார்னரைப் பெற்று, அதைக் கோலாக்குவதையே ஒரு தொழிலாகக் கற்றுக்கொண்டன. 1973-இல் நமக்கும் அந்தத் தொழிலில் நம்பத்தக்க ஒரு மட்டை இருந்தது, அது சுர்ஜித்துடையது.

ஆம்ஸ்டல்வீனுக்குத் திரும்புவோம். 2-0 என்ற முன்னிலையை இந்தியாவால் காத்துக்கொள்ள முடியவில்லை. குரூய்சே இரண்டு கோல்களையும் திருப்பி அடித்தார். ஆட்டம் 2-2 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. முதலில் கோல் அடிப்பவர் வெல்வார் என்ற நிலையும் வந்தது. அப்போது இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோலிலிருந்து 7 கஜம் தொலைவில் பந்து அசையாமல் இருக்கும். அடிப்பவர் ஓடிவர முடியாது. ஓரடி எடுத்துவைத்துத் தள்ளவோ தூக்கிவிடவோ வேண்டும். பந்து கிளம்பும்வரை கோல்கீப்பர் காலை அசைக்கக் கூடாது. உள்ளே போனால் அந்த நொடியே இந்தியா உலகச் சாம்பியன். பந்தின் முன் வந்து நின்றவர், பாகிஸ்தானுக்கு எதிரான அரையிறுதியை வென்று கொடுத்த அதே கோவிந்தா. அது கோலாகவில்லை.

அதன் பின் வெற்றியாளரைத் தீர்மானிக்க நடந்த பெனால்டி ஸ்ட்ரோக்குகளில் இந்தியா 2-4 என்று தோற்றது. இதில் கோவிந்தாவைக் குறைசொல்ல எனக்குத் துளியும் விருப்பமில்லை. அவர் இல்லையென்றால் அந்த இறுதிப்போட்டியே இல்லை. ஓடும் பந்தில் வளர்ந்த ஓர் ஆட்ட மரபை, அசையாத ஒரு பந்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த மரபு அதற்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளவில்லை. என் குறை அந்த ஆயத்தத்தின் மீதுதான்.

[திரையில்: மலேசியாவுக்கு எதிரான அரையிறுதி, 1975]

1975-இல் இந்தக் கதை தலைகீழாக மாறியது. குழு ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்ற இந்தியா, மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றுதான் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது. அரையிறுதியில் மலேசியா, அவர்கள் மண்ணில், அவர்கள் ரசிகர்கள் முன்னால், 2-1 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானைக் களமிறக்கினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அகமது ஷேர் கானின் மகன் அவர். இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அஸ்லம் தன் கழுத்தில் கிடந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டார், பிறகு அடித்தார். 2-2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றி கோலை அடித்தார்.

இறுதிப்போட்டியில் முதல் கோல் பாகிஸ்தானுடையது. அதைச் சமன்செய்தது சுர்ஜித் சிங். அதுவும் பெனால்டி கார்னரில்தான். பிறகு அசோக் குமார் அடித்த பந்து கோல் சட்டத்தின் மூலையில் பட்டு வெளியே தெறித்தது. உள்ளே போய்த்தான் திரும்பியது என்று மலேசிய நடுவர் விஜயநாதன் கோல் கொடுத்தார். பாகிஸ்தான் வீரர்கள் எவ்வளவோ வாதாடினார்கள், தீர்ப்பு மாறவில்லை.

1973-இன் துரதிர்ஷ்டத்தை எண்ணுகிறவர்கள் 1975-இன் அதிர்ஷ்டத்தையும் எண்ண வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். ஒரு தாயத்துக்கும் ஒரு கோல் சட்டத்துக்கும் இடையே ஊசலாடிய கோப்பை அது. ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களிலும் இந்தியாவை ஆட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தவை நின்ற பந்தில் பிறந்த கோல்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த இடத்தில் சறுக்கினார்களோ, அதே இடத்தில் இம்முறை கால் ஊன்றினார்கள்.

இனி மான்ட்ரியல். 1928-க்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பதக்கமே இல்லாமல் திரும்பியது அதுவே முதல்முறை. செயற்கைத் தரையில் நடந்த முதல் ஒலிம்பிக் ஹாக்கியும் அதுதான். பந்து துள்ளாமல், நேராக, மிக வேகமாக ஓடும் அந்தத் தரை அன்று இந்தியாவில் எங்குமே இல்லை. அஜித்பால் தலைமையிலான அணி ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்று தோற்றது. தரைதான் நம்மை வீழ்த்தியது என்று இன்றுவரை சொல்லி வருகிறோம்; அதில் உண்மை உண்டு.

ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. குழு ஆட்டங்களின் முடிவில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சமமாக நின்றதால், அரையிறுதிக்கு யார் போவது என்பதைத் தீர்மானிக்க இரண்டும் மீண்டும் மோதின. அதே தரை, அதே எதிரணி. சில நாள்களுக்கு முன் ஆறு கோல் வாங்கிய அணி இம்முறை 1-1 என்று சமநிலையில் ஆட்டத்தை முடித்தது. அந்த வேகத்தில் புதிய தரைக்குத் தங்களைப் பழக்கிக்கொண்ட வீரர்களை நட்சத்திரங்கள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? பிறகு பெனால்டி ஸ்ட்ரோக்குகள் வந்தன. மறுபடியும் அசையாத பந்து, மறுபடியும் தோல்வி. அரையிறுதிக்கு அத்தனை அருகில் நின்றவர்கள் ஏழாம் இடத்தோடு ஊர் திரும்பினார்கள். மான்ட்ரியலில் ஆடிய தமிழ்நாட்டு வீரர்களான பிலிப்ஸ் 1978 உலகக் கோப்பையிலும், வி. பாஸ்கரன் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்குத் தலைமை ஏற்றார்கள். மாஸ்கோவில் தங்கமும் கிடைத்தது. ஆனால் அது வேறோர் அணி, வேறொரு கதை.

என் கணக்கை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைமுறை வென்றிருக்க வேண்டியது இரண்டு உலகக் கோப்பைகள், வென்றது ஒன்று. குறைந்த அந்த ஒன்று 1973. மான்ட்ரியலில் ஸ்ட்ரோக்குகள் கைகொடுத்திருந்தால் ஒரு பதக்கத்துக்கும் வாய்ப்பு இருந்திருக்கும். தங்கம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பார்சிலோனாவையும் மியூனிக்கையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

[திரையில்: சுர்ஜித் ஹாக்கி அரங்கம், ஜலந்தர்]

1973, 1975 ஆகிய இரண்டு இறுதிப்போட்டிகளிலும் இந்தியாவுக்காகக் கோல் அடித்த ஒரே வீரர் சுர்ஜித் சிங். ஆம்ஸ்டல்வீனில் இரண்டு, கோலாலம்பூரில் ஒன்று. மூன்றும் பெனால்டி கார்னரில் வந்தவை. 1984 ஜனவரியில் ஜலந்தர் அருகே நடந்த ஒரு கார் விபத்தில் அவர் இறந்தபோது அவருக்கு வயது 32. ஜலந்தரில் உள்ள ஹாக்கி அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.