பழைய வாஷிங் மெஷின் மோட்டார்: மூன்று வயர், எது எது?

[காட்சி: பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தை. தரையில் பழைய சாமான்கள், நடுவே ஒரு மோட்டார்.]

பழைய இரும்புக் கடைக்குப் போகும் மோட்டாரை உடைத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவே இல்லை. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இருக்கும் ட்வின் டப் மெஷின் நின்று போனால் குற்றவாளி பல சமயம் டைமரோ பெல்ட்டோதான். உள்ளே மோட்டார் நன்றாகவே இருக்கும். கத்தி தீட்டவும் தேங்காய் துருவவும் அது போதும்.

துணி துவைக்கும் பக்கத்து மோட்டாரை எடுத்துக்கொள்வோம். இதில் கார்பன் பிரஷ் கிடையாது. நம் மலேசியாவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதில் இந்த மாதிரி நான்கு காந்தத் துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1400 சுற்று சுற்றும். வெளியே வருவது மூன்று வயர், கூடவே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு கெப்பாசிட்டர்.

[காட்சி: கெப்பாசிட்டரின் இரு முனைகளில் ரெசிஸ்டர்.]

முதலில் கெப்பாசிட்டர். பிளக்கைக் கழற்றிய பிறகும் இதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் பிடித்துச் சில விநாடி இணையுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் வோல்ட் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவிலேயே வாங்குங்கள். வோல்ட் அளவு மட்டும் குறையக் கூடாது.

[காட்சி: மீட்டர் ஓம் நிலையில். வயர்களில் அ, ஆ, இ என்று டேப்.]

இப்போது முக்கியமான வேலை. வயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டிரண்டு வயராக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அ–ஆ 30 ஓம், ஆ–இ 30 ஓம், அ–இ 60 ஓம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அதிக அளவு காட்டிய ஜோடியில் சேராத வயர் எது? ஆ. அதுதான் பொது வயர். இரண்டு சுருளும் அங்கேதான் சேர்கின்றன, அதனால்தான் 30-உம் 30-உம் கூடி 60 ஆனது.

சரி, இனி இணைப்பு. நியூட்ரல் ஆ-வுக்கு. கெப்பாசிட்டர் அ-வுக்கும் இ-க்கும் நடுவில். லைவ் வயரை அ-வில் கொடுத்தால் ஒரு திசை, இ-க்கு மாற்றினால் எதிர்த் திசை. துணியை இருபுறமும் புரட்ட வேண்டியிருப்பதால்தான் இதில் இரண்டு சுருளும் சமம். பிழியும் பக்கத்து மோட்டாரில் பொதுவாகச் சுருள்கள் சமமாக இருக்காது. அதில் குறைந்த ஓம் காட்டும் சுருளுக்கே நேரடியாக லைவ் கொடுக்க வேண்டும்.

மின்சாரம் கொடுக்கும் முன் ஒவ்வொரு வயருக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏதாவது ஓம் காட்டினால் அந்த மோட்டாரை ஓட்டவே கூடாது. மழையில் கிடந்ததென்றால் நன்றாகக் காயவைத்து, 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்திருப்பவரிடம் சோதித்துக்கொள்வது நல்லது.

[காட்சி: பச்சை-மஞ்சள் வயர் மோட்டார் உடம்பில் போல்ட்டோடு முறுக்கப்படுகிறது.]

எர்த் இல்லாமல் ஓட்டாதீர்கள். மெஷினின் பிளாஸ்டிக் கூடு இப்போது இல்லை, கை படுவது வெறும் இரும்பு. மூன்று பின் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். இந்த அளவு மோட்டாருக்கு 3 ஆம்பியர் போதும், மாற்றிவிடுங்கள். 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே ட்ரிப் ஆகும் பாதுகாப்பு உள்ள சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். வீட்டுச் சுவர் வயரிங்கில் கை வைக்காதீர்கள், அது சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை.

மோட்டாரைப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே சுவிட்ச். சுற்றாமல் வெறுமனே உறுமினால் உடனே அணையுங்கள். கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது வயர் மாறியிருக்கும்.

ஃபிரண்ட் லோடர் மெஷினின் பிரஷ் மோட்டார் வேறு ரகம். சுமை இல்லாமல் முழு மின்சாரம் கொடுத்தால் வேகம் கட்டுமீறி ஏறும். அதற்குத் தனி வீடியோ வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள், அதன் மின்னழுத்தம் ஆளைக் கொன்றுவிடும்.

[காட்சி: சின்னப் புல்லி, பெரிய புல்லி, பெல்ட்.]

தேங்காய் துருவ 1400 சுற்று ரொம்ப அதிகம். டிம்மரால் வேகத்தைக் குறைக்கப் பார்த்தால் மோட்டார் சூடாகும், இழுவையும் போய்விடும். 4 செ.மீ. புல்லியிலிருந்து 16 செ.மீ. புல்லிக்கு பெல்ட் போடுங்கள். வேகம் சுமார் 350 ஆகும், இழுவை கூடும். பெல்ட்டுக்கு மூடி கட்டாயம்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தானாக நின்றால், உள்ளே இருக்கும் வெப்பக் காவல் வெட்டியிருக்கலாம். ஆறியதும் அது சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி ஓடத் தொடங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் கையை வையுங்கள்.