இரண்டு ஸ்மித்துகள்

நண்பர்களே, வணக்கம். இங்கிலாந்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு ஸ்மித் இருப்பார். நமக்குப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தைத் தெரியும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து முஷ்டியை உயர்த்திய அமெரிக்க ஓட்ட வீரர் டாமி ஸ்மித்தையும் தெரியும். நான் பேச வந்தது, கல்லூரிப் படி ஏறாத வேறு இரண்டு ஸ்மித்துகளைப் பற்றி.

ஜார்ஜ் ஸ்மித் 1840இல் லண்டனில் பிறந்தவர். 14 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பண நோட்டு அச்சடிக்கும் தகட்டில் செதுக்குகிற வேலை கற்றுக்கொள்ளப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடுவார். இன்றைய ஈராக்கில் இருந்த பழைய நினிவே நகரத்திலிருந்து வந்த களிமண் பலகைகள் அங்கே துண்டு துண்டாகக் கிடந்தன. அவற்றில் ஆப்பு வடிவக் கோடுகளாகப் பதித்திருந்த ஆப்பெழுத்தைத் தானாகவே படித்துப் பழகினார். சாமுவேல் பெர்ச் என்ற மியூசிய அதிகாரி அவரைக் கவனித்தார். 1867இல் அங்கேயே வேலையும் கிடைத்தது. 1872இல் ஒரு துண்டில் கப்பல் மலைமேல் தட்டி நின்றதையும், அனுப்பிய புறா தங்க இடமில்லாமல் திரும்பியதையும் வாசித்தார். பைபிளின் வெள்ளக் கதைதான், ஆனால் பாபிலோனியர்கள் சொன்னது! அந்த டிசம்பரில் அவர் உரையாற்றியபோது பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து உட்கார்ந்து கேட்டார். 1876இல் சிரியாவில் நோயில் இறந்தபோது ஜார்ஜுக்கு வயது 36தான்.

சரி, இன்னொருவர் வில்லியம் ஸ்மித். 1769இல் ஆக்ஸ்போர்டுஷயர் கிராமத்தில் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர். நில அளவையாளர். சோமர்செட்டில் நிலக்கரி கொண்டுபோகும் கால்வாய் வெட்டும்போது, பாறை அடுக்குகள் எங்கும் ஒரே வரிசையில் வருவதையும், ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதையும் கண்டுகொண்டார். அப்புறம் வருடக்கணக்காக நாடு முழுக்க அலைந்து, 1815இல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி ஆகியவற்றின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். எட்டடிக்கு மேல் உயரம், எல்லாம் கையால் தீட்டிய வண்ணம்.

லண்டனில் நிலவியல் சங்கம் 1807லிருந்தே இருந்தது. வசதியுள்ள கனவான்களின் சங்கம். இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடன் முற்றி 1819இல் சிறைக்குப் போனார். மறுவருடமே அந்தச் சங்கம் போட்டியாகத் தன் வரைபடத்தை வெளியிட்டது. ஜார்ஜுக்கு ஒரு பெர்ச் கிடைத்தார். வில்லியமுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒருவரும் இல்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. 1831இல்தான் சங்கம் தன் மிக உயர்ந்த விருதான வொல்லாஸ்டன் பதக்கத்தை முதன்முதலாக அவருக்குக் கொடுத்தது. தலைவர் செட்ஜ்விக் அவரை ஆங்கில நிலவியலின் தந்தை என்றார். வில்லியமுக்கு அப்போது வயது 61.