பிரித்துப் பார்க்காத பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். போர் ஓய்ந்த நாட்டில் ராணுவத்தை மறுபடி கட்டும்போது கொள்முதலில் ஊழல் எப்படிப் புகுகிறது என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். ஊழல் என்றதும் மேசைக்கடியில் கைமாறும் கவர்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. வாசலில் வந்திறங்கிய சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் "பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்துப் போடுகிறார்களே, அங்கே. வீட்டுக்கு காஸ் சிலிண்டர் வந்தால்கூட சீலைப் பார்க்கிறோம், தூக்கிப் பார்க்கிறோம். ராணுவக் கிடங்குகளில் அதுகூட நடக்காமல் போனதுண்டு.

இராக்கில் வாங்கிய ஏடிஈ 651 கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி விற்றார்கள். ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் இப்படியும் அப்படியும் திரும்பும் ஒரு ஆண்டெனா, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. பேட்டரி கிடையாது. நடக்கும் ஆளின் உடம்பில் உண்டாகும் மின்னூட்டத்திலேயே இயங்கும் என்றார்கள்! பெட்டிக்குள் செருகும் அட்டையைப் பிரித்தபோது கிடைத்தது, துணிக்கடையில் திருட்டைத் தடுக்க ஒட்டுவார்களே, அந்த வில்லை. அவ்வளவுதான். இதற்கு முன்மாதிரி, காணாமல்போன கோல்ஃப் பந்தைத் தேட என்று சுமார் 20 டாலருக்கு விற்ற ஒரு விளையாட்டுச் சாமான். இது 40,000 டாலர் வரை போனது. இராக் ஆயிரக்கணக்கில் வாங்கிச் சோதனைச் சாவடிகளில் வைத்தது.

ஆண்டெனா அசைந்தது உண்மை. மணிக்கட்டு ஒரு நூலளவு சாய்ந்தாலும் அது திரும்பும். பிடித்திருப்பவருக்கே தன் கை சாய்ந்தது தெரியாது. அதனால் அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் பிடித்தார். கருவி காட்டிய காருக்குள் ஒன்றும் அகப்படாவிட்டால் வாசனைத் திரவியத்தின் மேல் பழி. 2009இல் பாக்தாத்தை உலுக்கிய குண்டு வாகனங்கள் இந்தச் சாவடிகளைத் தாண்டித்தான் வந்தன.

இதைத் தடுக்க என்ன செலவாகியிருக்கும்? ஒரே மாதிரி நான்கு பெட்டிகள். ஒன்றில் மட்டும் வெடிமருந்து. எதில் என்பது கருவி பிடிப்பவருக்கும் தெரியக்கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியக்கூடாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியக்கூடாது! அவர் கண்ணைப் பார்த்தே கை திரும்பிவிடும். இப்படி இருபது முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே சுமார் ஐந்து முறை சரியாக வரும். கருவிக்கும் அதே ஐந்துதான் வந்தால் திருப்பி அனுப்பவேண்டியதுதான். ஒரு பகல் வேலை. இந்தக் கருவியை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. ஆனாலும் கருவிகளைத் திரும்பப் பெறச் சொல்லி இராக் பிரதமர் உத்தரவிட்டது 2016 ஜூலையில், பாக்தாத்தின் கர்ராதா பகுதியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு.

அடுத்தது முன்பணம். 2004-05இல் இராக் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஆயுதம் வாங்க என்று 100 கோடி டாலருக்கு மேல் போனது. தரகு நிறுவனத்துக்கு மொத்தத் தொகையும் முன்கூட்டியே. கிடைத்ததில் கால் நூற்றாண்டு கடந்த சோவியத் ஹெலிகாப்டர்களும் உண்டு. மொத்தப் பணமும் கைக்கு வந்தபின் விற்பவருக்கு என்ன அவசரம்? தவணையாகக் கொடுக்கவேண்டும், கடைசித் தவணை சோதனை முடிந்த பிறகு.

ஆப்கானிஸ்தான் விமானப் படைக்கு அமெரிக்கா வாங்கித் தந்த ஜி-222 சரக்கு விமானங்கள் இருபது. செலவு சுமார் 54.9 கோடி டாலர். தயாரிப்பே நின்றுபோன ரகம், உதிரிபாகத்துக்கு எங்கே போவது? பறந்ததைவிட நின்றதுதான் அதிகம். 2014இல் காபூலில் பதினாறை உடைத்து, பவுண்டு 6 சென்ட் வீதம் 32,000 டாலருக்குப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்கள். இதில் லஞ்சம் என்று நீதிமன்றத்தில் யார் மீதும் நிரூபணமாகவில்லை. விமானத்தோடு ஐந்தாண்டு உதிரிபாகத்தையும் சேர்த்து விலை கேட்டிருந்தால் குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சம்பளத்தில் நடக்கும் மோசடியை விரிவாகச் சொல்ல நினைத்தேன். பேரேட்டில் மட்டும் இருக்கும் சிப்பாய்கள்; 2014இல் இராக்கில் 50,000 பேர் என்று பிரதமர் அல்-அபாதி அறிவித்தார். அந்தச் சம்பளம் தளபதியின் பைக்குப் போகும். ஆள் தலைக்கு எண்ணித்தான் துப்பாக்கியும் சீருடையும் சாப்பாடும் வாங்குகிறார்கள் என்பதால், தலைக்கணக்கு பொய்யானால் கொள்முதல் கணக்கு முழுவதுமே பொய். கைரேகை பதிந்து, சம்பளத்தை நேரே சிப்பாயின் வங்கிக் கணக்கில் போடவேண்டும், தளபதி கைவழியாக அல்ல. நன்றி, வணக்கம்.